தலைக்கு ஒரு மடக்கு

செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் சுரங்கத்தில் விடிந்ததும் எல்லோரும் இரவு உடுத்திய வியர்வைச் சட்டையைப் பிழிந்து வடிகட்டியில் ஊற்றுவார்கள். சொட்டும் நல்ல நீரில் தலைக்கு ஒரு மடக்கை எடுத்துப்போய், நடுக்கூடத்தில் அழகுக்குத் தொட்டியில் வைத்திருந்த ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்துக்கு வார்ப்பார்கள். காற்றைத் தயாரிப்பது என்னவோ பாறைக்கடியில் ஓடும் இயந்திரம்தான். ஆனால் மரம் பட்டுப்போனால் மூச்சு நின்றுவிடும் என்று யாரோ சொல்லிவைக்க, அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் மரத்தின் அடிக்கிளை ஊசியிலைகள் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறி உதிர்ந்தன. இலைநோயறிவி இயந்திரத்தை வரவழைத்தார்கள். அது கிளைக்கடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டிப் பார்த்தது. பூச்சி எதுவும் விழவில்லை.

"வேரை ஆராய வேண்டும். சற்றுப் பொறுங்கள்" என்று ஒரு வேர்த்துண்டை வெட்டிக்கொண்டு போனது.

பொறுமையா, நம் ஆட்களுக்கா?

"வேர் எதுக்கு? தண்ணி ஊத்தாதவன் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் சுரங்கத்தலைவி குணவதி.

ஜெயசீலன்தான். மனைவி ரெபேக்கா நிறைமாதம். தன் மடக்கையும் அவளுக்கே குடிக்கக் கொடுத்துவந்தான்.

"அக்கா, அவ ரொம்ப சோந்துபோறா. புள்ள பொறந்ததும் சேத்து ஊத்திடறேன்" என்றான்.

இரும்புக் குவளை ஒன்று அவன் வாயில் இறங்கியது. பற்கள் தெறித்தன. விழுந்தவனை மிதித்தார்கள், விலா முறியும் சத்தம் கேட்டும் கால்கள் நிற்கவில்லை. குறுக்கே விழுந்த ரெபேக்காவை முடியைப் பிடித்து இழுத்தெறிந்தார்கள். கடைசியில் அவனைக் காற்றடைப்பு அறைக்குள் தள்ளி, மூச்சுவிடக் காற்றில்லாத வெளிப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் அவன் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. பிறகு மூடவில்லை.

கறுத்து நாறும் வேர்த்துண்டுடன் இலைநோயறிவி திரும்பி வந்தது.

"அளவுக்கு மீறிய தண்ணீர். வேர் அழுகிவிட்டது. ஊற்றாமல் விட்டவர் யாராவது இருந்தால், மரத்துக்கு நல்லது செய்தவர் அவர் ஒருவரே."

குணவதி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எடை கூடுமென்று தாலியைக்கூடப் பூமியில் கழற்றிவைத்துவிட்டு வந்தவர்கள், அடிக்கிற கையையும் அழுகிற கண்ணையும் மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

பிழைத்த கிளை ஒன்றை வெட்டி, ஜெயசீலன் பெயரில் நட்டார்கள். மண் காய்ந்தால் மட்டுமே நீர் என்று இயந்திரம் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் விடிந்ததும் குவளைகளோடு வரிசையில் நின்றார்கள். உயிரைக் கொடுத்தவனுக்கு ஒரு மடக்குகூடவா இல்லை?

கன்றின் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கியபோது, ரெபேக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு வந்தாள்.

"ஊத்தாதீங்க. இதுவும் செத்துப்போயிடும்."

குணவதி கன்றைப் பார்த்தாள். பிறகு அந்த வெறுங்கையைப் பார்த்தாள்.

"ஏம்மா, சொந்தப் புருஷனுக்கு ஊத்தக்கூட உனக்கு மனசு வரலியா?"

பின்னால் யாரோ போய்க் காற்றடைப்பு அறையின் விளக்கைப் போட்டார்கள்.