பெயர் சொல்லாத ஆறு

ஆற்றில் கை வைக்கும் நாள் ஆண்டுக்கு ஒன்றுதான். அன்று விடிந்ததும் லாங்தி ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிடுவார். மரக்கட்டைகளின்மேல் நச்சுவேரை வைத்துத் தடியால் நசுக்குவார்கள். நூற்றுப்பன்னிரண்டு தடிகளும் ஒரே தாளத்தில் விழும். வெள்ளைச் சாறு தண்ணீரில் கலக்கும், மீன்கள் மயங்கி மிதக்கும். நாகா மலையில் இது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். புதிதாக வந்தது, மேலேயும் கீழேயும் இரண்டு நீர்க்கதவுகளும் தண்ணீரை ருசி பார்த்து அவற்றை ஆளும் நீரறிவு என்ற இயந்திர மூளையும்தான். அது ஒரு மணி நேரம் கதவுகளைச் சாத்திக் கொடுத்தால்தான் சாறு நிற்கும். இல்லையென்றால் மூன்று ஆண்டு வளர்த்த வேர் முழுக்க ஓட்டத்தோடு போய்விடும்.

ரெந்துங்கோவும் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தான். கண் மட்டும் மேல்கதவை விட்டு நகரவில்லை.

கதவு இறங்கவில்லை. கரையிலிருந்த நீரறிவின் குரல்கம்பம் மெதுவாகச் சொன்னது: "வீட்டில் இருக்க வேண்டிய ஒருவர் தண்ணீரில் இருக்கிறார்."

எல்லோருக்கும் புரிந்தது. மனைவி பிள்ளை உண்டாகியிருக்கும்போது கணவன் வேர்மீன்பிடிக்கு வரக் கூடாது. ஓர் உயிருக்காகக் காத்திருக்கும் வீட்டின் கை இன்னோர் உயிரை எடுக்கலாகாது. அவனுக்கும் சேர்த்து ஊர் அடிக்கும். முதல் கூடை அவன் வாசலுக்குத்தான் போகும். நீரறிவை நிறுவியபோது ஊர்ப் பெரியவர்கள் இந்த வழக்கத்தையும் அதற்குள் எழுதச் சொன்னார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். அது யார் பெயரையும் சொல்லக் கூடாது. ஒளித்தவன் தன் வாயால்தான் சொல்ல வேண்டும்.

ரெந்துங்கோ வாய் திறக்கவில்லை.

பிள்ளைப்பேறு அரிதாகிப்போன காலம் அது. ஐந்தாண்டில் ஊரில் ஆடிய தொட்டில்கள் இரண்டு. அவன் மனைவி யிங்பெனிக்கு மூன்று முறை தங்கி, மூன்று முறையும் கலைந்துவிட்டது. மூன்று முறையும் கூடை வந்தது, தின்றார்கள். மீனைத் தின்றுவிட்டுப் பிள்ளையைக் காட்டவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனைக் குத்தியது. இந்த முறை யாருக்கும் சொல்லாதே என்று அவள் வாயைக் கட்டினான். உடம்பின் மாற்றத்தை நீரறிவுக்குச் சொல்லும் நலப்பட்டையை அவள் கையிலிருந்து கழற்றி வாங்கி நெல்குதிருக்குள் புதைத்தான். ஆனால் குளித்த தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் கடைசியில் ஆற்றுக்குத்தானே போகின்றன? ஆறு அதை ருசி பார்க்கும் என்பதை மறந்துவிட்டான், பாவி.

ஊரின் கண் யான்பெமோ பக்கம் திரும்பியது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனவன்.

"மூஞ்சியே சொல்லுதேடா," என்றார் மீன்பிடித் தலைவர் மாதுங். "கரையேறுடா. நீ போயி அவளுக்குக் கஞ்சி வச்சுக் குடு, ஒனக்கும் சேத்து நாங்க அடிக்கிறோம்."

ஆறு முழுக்கச் சிரிப்பு. யான்பெமோ இல்லை என்று தலையாட்டினான். வெட்கப்படுகிறான் என்றார்கள். பிறகு பொய் சொல்கிறான் என்றார்கள். வெள்ளைச் சாறு கண்முன்னே கீழ்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்று கோபம் ஏறியது. இவன் ஒருத்தனால் ஊருக்கே மீன் இல்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ரெந்துங்கோவின் தொண்டை வரை வந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று விழுங்கினான்.

கரையில் கூடைகளோடு நின்ற பெண்களிடமிருந்து யான்பெமோவின் மனைவி ஸரேனி முன்னால் வந்தாள்.

"அவரத் திட்டாதீங்க. எங்க வீட்ல ஒண்ணுமில்ல. இனிமேலும் ஆகாதுன்னு போன மாசம் டாக்டரம்மா சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கம்மாவுக்கே இன்னும் சொல்லல."

யான்பெமோ தன் தடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தான்," என்றான் ரெந்துங்கோ. முதலில் காற்றுதான் வந்தது. மறுபடியும் சொன்னான்.

கரையேறினான். இரண்டாவது காலும் தண்ணீரை விட்டதுமே கதவு இறங்கத் தொடங்கியது.

"எத்தன மாசம்?" என்று கேட்டார் மாதுங்.

"அஞ்சு."

"நல்லா இருக்கட்டும்." அவ்வளவுதான். ஒரு வசவு வைதிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது வீடு போய்ச் சேர்ந்திருப்பான். முதுகுக்குப் பின்னால் தடிகள் மறுபடியும் விழுந்தன. அதில் ஓர் அடி தனக்காக என்று தெரிந்தே நடந்தான்.

உச்சிவேளைக்கு முதல் கூடை வந்தது. தூக்கி வந்தவள் ஸரேனி. வேறு யாராவது கொண்டுபோகட்டும் என்று மாதுங் சொல்லியும் கேட்கவில்லையாம்.

ஆற்றில் நடந்தது யிங்பெனிக்கு ஒன்றும் தெரியாது. வாய் நிறையச் சிரித்து, உட்காரச் சொன்னாள். ஸரேனி அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, வழக்கப்படி, "தங்கு, எங்க கூடவே தங்கு," என்றாள். குரல் பிசிறவில்லை.

ரெந்துங்கோ சுவரோடு ஒட்டி நின்றான்.

"புடிங்கண்ணே, கை வலிக்குது," என்று கூடையை நீட்டினாள்.

வாங்கினான். ஏதோ சொல்ல நினைத்தான். அதற்குள் அவள் முற்றத்துக் குழாயடிக்குப் போய்விட்டாள். கையைக் கழுவினாள். பிறகு முகத்தைக் கழுவினாள், நெடுநேரம் கழுவினாள்.

அந்தத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஆற்றுப்பக்கம் போனது. ஆறு அதையும் ருசி பார்க்கும். யாருடையது என்றோ, யாரால் என்றோ சொல்லாது.