குண்டுமலைப் பீரங்கி

நகரிக்கு மேற்கே இருக்கும் குண்டுமலைக் கோட்டைக்கு மஞ்சுவும் அவள் புருஷன் மோகன்ராஜும் வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வாணவேடிக்கை இருவரும் சேர்ந்து செய்யும் தொழில். கங்கம்மா ஜாத்திரையில் அம்மன் புறப்படும்போது கோட்டைப் பீரங்கி முழங்குவது பழைய வழக்கம். பல வருஷமாய் நின்றுபோயிருந்ததை இந்த ஆண்டு மறுபடி நடத்த ஊரார் அவர்களை அழைத்திருந்தார்கள்.

காவலாளி தங்கவேலு கோட்டை வாசலோடு நின்றுகொண்டார்.

"கடைசியா சுட்டவன் அதோட வாய்லயேதான் செத்தான். அன்னிலேர்ந்து யாரும் தொட்றதில்ல. சொன்னா ஊர்க்காரங்க கேக்கல."

"மருந்த அதிகமாப் போட்ருப்பான்," என்று சொல்லிக்கொண்டே மோகன்ராஜ் உள்ளே போனான்.

பீரங்கி மதிலோரம் கிடந்தது. இரும்பைத் தொட்டால் சுட்டது. குழாயில் அடைந்திருந்த சருகை எடுக்க மஞ்சு முழங்கை வரை கையை விட்டாள். உள்ளே கிணற்றடி போல ஈரக் குளிர். நாள்பட்ட ரத்தத்தின் வாடை.

சருகுக்கு அப்பால் ஏதோ அசைந்தது.

விரல்கள்.

அவை அவள் உள்ளங்கையைத் தடவின, மணிக்கட்டைத் தடவின, ஆள் யாரென்று தெரிந்துகொள்வது போல நிதானமாக. பிறகு இறுக்கின. வளையல்கள் நொறுங்க அவள் கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வாணாம் மாமா. உள்ள யாரோ கீறாங்க. போய்டலாம்."

"வௌவாலா இருக்கும்டி. கீழ ஊரே காத்துக்கினு கீது."

நீளக் கம்பால் குழாயைத் துழாவிக் காட்டினான். ஒன்றுமில்லை. மருந்தை இடித்து நிரப்பி, பின்பக்கத் துளையில் திரி வைத்துப் பற்றவைத்தான். இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

திரி சீறிக்கொண்டு உள்ளே போனது.

சத்தம் வரவில்லை.

காற்று நின்றது. கீழே அடித்துக்கொண்டிருந்த பம்பைகூடக் கேட்கவில்லை.

வெடிக்காத மருந்துக்கு முன்னால் போகக்கூடாது என்று மஞ்சுவுக்குச் சொல்லிக் கொடுத்தவனே மோகன்ராஜ்தான். அவன்தான் இப்போது பீரங்கியின் வாயை நோக்கி நடந்தான்.

குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல் மெல்ல அழைத்தது.

"மாமா... இங்க வா மாமா."

மஞ்சுவின் குரல். மஞ்சுவோ வாய் திறக்காமல் அவன் பின்னால் நின்றிருந்தாள்.

அவன் குனிந்தான்.

அவள் ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தாள். பீரங்கி வெடித்தது. மலையே அதிர்ந்தது. கீழே பெண்கள் குலவையிட்டார்கள்.

மோகன்ராஜுக்கு இரண்டு செவிப்பறையும் கிழிந்து உள்காதும் போய்விட்டது, இனி இடி விழுந்தாலும் கேட்காது என்றார்கள் திருப்பதி ஆஸ்பத்திரியில். உயிரோடு கிடைத்தானே என்று மஞ்சு மனதைத் தேற்றிக்கொண்டாள். சைகையில் பேசப் பழகினாள்.

ஒரு மாலை, கரண்ட் போய்த் தெருவின் விசைத்தறிகள் ஓய்ந்திருந்தன. அவள் அடுப்படியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மோகன்ராஜ் சட்டென்று தலையைத் திருப்பி, மலை இருக்கும் பக்கம் பார்த்துச் சிரித்தான்.

எழுந்து செருப்பை மாட்டினான்.

"எத்தினி வாட்டி கூப்டுவே மஞ்சு? தோ, வந்துட்டேன்."