நான்காவது நிறுத்தம்

அந்த வீடு ஸியாதாவின் பட்டியலில் இல்லை.

பட்டியல் அவள் மடியில்தான் இருந்தது. பதினோரு நாளாக எழுதி, அடித்து, மறுபடி எழுதியது. அவர்கள் ஊரான குங்ராத்திலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும். முதல் நிறுத்தம், ஏரிக்கரையில் ஆளற்றுக் கிடக்கும் மீனவர் குடியிருப்பு. இரண்டாவது, சிவந்த பள்ளத்தாக்கு. மூன்றாவது, மேட்டுநிலத்தின் விளிம்பு. அங்கே நின்றால், முன்பு ஆரல் கடல் கிடந்த தரை கண்ணுக்கெட்டிய வரை வெளுத்துத் தெரியும். கடைசியில், மிச்சமிருக்கும் கடல். மூன்றாவது நிறுத்தத்துக்கும் கடலுக்கும் நடுவே மூன்று மணி நேரம் விளிம்பை ஒட்டியே போக வேண்டும். வழியெல்லாம் அழகுதான், ஆனால் ஒரு வாய் தேநீருக்கு இடமில்லை. பட்டியலில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள்.

அந்த இடத்தில்தான் இப்போது ஒரு வீட்டுக் கூரையிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியா டீச்சரம்மா," என்று அவள் கணவன் ஜொல்முர்ஸா வேனின் வேகத்தைக் குறைத்தான். புவியியல் படித்தவள் என்பதால் அவனுக்கு அவள் எப்போதும் டீச்சரம்மாதான். "நீ பதினோரு நாளா தேடுன. எனக்குத் தானா எதிர்ல வருது."

"செயற்கைக்கோள் படத்துல பார்த்தேங்க. இங்க எதுவும் இல்ல."

"செயற்கைக்கோள் டீ குடிக்காது. அதுக்கு எங்க தெரியும்?"

அடுத்த வாரம் தாஷ்கண்டிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். இவர்கள் தொடங்கும் கடல் சுற்றுலாவுக்கு அவர்கள்தான் முதல் விருந்தாளிகள். இந்த வழி பிடித்துப்போனால் இன்னும் வருவார்கள். ரஷ்யாவில் தியூமென் நகரில் இருக்கும் மேஸ்திரி வாரம் இரண்டு முறை போன் செய்து ஜொல்முர்ஸாவைக் கட்டட வேலைக்குக் கூப்பிடுகிறார். கல்யாணமான நான்கு வருடத்தில் இரண்டு வருடம் அவன் அங்கேதான் இருந்தான். சாரத்திலிருந்து விழுந்து, முன்பல் ஒன்று பாதி உடைந்து திரும்பி வந்தான். இன்னொரு முறை அவனை அனுப்ப ஸியாதாவுக்கு மனமில்லை. அதற்காகத்தான் இந்தப் பட்டியல்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். வெள்ளை முக்காடு. வயது முகத்தில் தெரியவில்லை.

"வாங்க, இறங்குங்க. தண்ணி கொதிக்குது."

உள்ளே பொரித்த மீன் வாசனை. வெளியே வெயில் கொளுத்தியது, ஆனால் காலடியில் கம்பளம் ஈரமாக இருந்தது. ஸியாதா அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலில் உப்புப் படிந்தது.

"மீன் எங்கேர்ந்தும்மா?" என்றான் ஜொல்முர்ஸா, முள்ளை நாக்கால் ஒதுக்கிக்கொண்டே.

"கடல்லேர்ந்து."

ஸியாதாவுக்குத் தெரியும். அந்தக் கடலில் மீன் செத்து வருடக்கணக்காகிறது. அந்த உப்பில் நகத்தளவுச் சிறு இறால்தான் பிழைக்கும். சொல்லியிருக்கலாம். பிறத்தியார் வீட்டில் வாய் திறக்க அவளுக்கு எப்போதுமே கூச்சம்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தரைக்குக் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் சத்தம்.

அலை.

கடல் இன்னும் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அவள் நிமிர்ந்தாள். எதிர்ச் சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வட்ட ரொட்டி தொங்கியது. சில கருத்து, கல்லாகிப்போனவை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி.

அது அவளுக்குத் தெரிந்த வழக்கம்தான். தூரம் போகிறவன் புறப்படும்போது வீட்டு ரொட்டியில் ஒரு கடி கடிப்பான். மிச்சத்தை ஆணியில் மாட்டி வைப்பார்கள். திரும்பி வந்து அவனே அதைத் தின்று முடிக்க வேண்டும். இன்று காலைகூட அவள் மாமியார் ரொட்டியோடு வேன் வரை ஓடி வந்தாள். ஜொல்முர்ஸா சிரித்தான். "சாயங்காலம் வந்துடுவேன்மா! இதெல்லாம் ஒரு பயணமா?" என்று சொல்லிவிட்டுக் கடிக்காமலே வண்டியை எடுத்தான்.

"இதெல்லாம்... யாரோடது?" ஸியாதா கேட்டாள்.

"எங்க ஆம்பளைங்களோடது. தண்ணி தள்ளித் தள்ளிப் போச்சு. இவங்களும் வலையைத் தூக்கிக்கிட்டு அது பின்னாடியே போனாங்க."

"இன்னும் வரலையா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க."

வாசல் பக்கம் ஈரக் கால் ஒன்று தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

ஜொல்முர்ஸா திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்குக் கேட்கவே இல்லை போலிருந்தது.

ஸியாதா எழுந்தாள். "நேரமாச்சுங்க. போலாம்."

"ரொட்டில வாய் வைக்காம போவாங்களா?" அந்தப் பெண் தந்தூரிலிருந்து சூடாக ஒன்றை எடுத்து வந்தாள். ஸியாதா கை நீட்டினாள். அந்தப் பெண் மறுப்பாகத் தலையசைத்தாள். "உனக்கில்ல மகளே. கடலுக்குப் போறவனுக்கு."

சுவரின் ஓரத்தில் புதிதாக ஓர் ஆணி அறைந்திருந்தது. அது மட்டும் காலி.

"வேண்டாம்," ஸியாதா கிசுகிசுத்தாள். "கடிக்காதீங்க."

"அட, மரியாதைக்கு ஒரு வாய் டீச்சரம்மா."

அவன் கடித்தான்.

வேன் கிளம்பியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். புகை இல்லை. ஜொல்முர்ஸா அதன்பின் ஒரு கேலிகூடப் பேசவில்லை. மதியம் ஒரு மணிக்கு உண்மையான கடலுக்கு வந்து சேர்ந்தார்கள். நீலமாக, அசையாமல் கிடந்தது. அவன் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

"இது கடல் இல்ல," என்றான். "கடல் அங்கதான் இருக்கு, அந்த வீட்டுல. நீதான் அலைச் சத்தம் கேட்டியே."

திரும்பும்போது தங்கள் சக்கரத் தடத்தைப் பிடித்தே வந்தார்கள். அந்த இடத்தில் தடம் வளைந்து ஒதுங்கி, நின்று, மறுபடி வழியில் சேர்ந்திருந்தது. நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிச்சுவர். சுற்றிலும் உப்பும் புழுதியும். ஸியாதா இறங்கிப் போய் அதைத் தொட்டாள். கையில் ஒரு மீன் செதில் ஒட்டியது.

ஈரமாக இருந்தது.

"வெளிய நின்னு என்ன பண்ற?" வேனிலிருந்து அவன் குரல். "உள்ள போ. கூப்பிடுறாங்க பாரு."

அவள் ஓடிவந்து அவனைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு, தானே ஓட்டினாள். பாதி வழியில் சொன்னாள்: "நீங்க தியூமென் போங்க. நாளைக்கே ரயில் ஏறுங்க."

"ரஷ்யாவுக்கா?" அவன் சிரித்தான். "நான் இனி எங்கயும் போகல. நீ கேட்டது அதைத்தானே?"

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தார்கள். மாமியார் காலை ரொட்டியைத் துணியில் சுற்றியே வைத்திருந்தாள். "கடிக்காமப் போன. நாள் பூரா எனக்கு மனசே சரியில்ல."

"இப்பக் கடிக்கச் சொல்லுங்க அத்தை," என்றாள் ஸியாதா. "இப்பவே."

"என்னடி இது, வந்தப்புறமா கடிப்பாங்க?"

"சொல்லுங்க அத்தை!"

அவள் இப்படிக் குரல் உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஜொல்முர்ஸா கடித்தான். உடைந்த பல்லின் தடம் ரொட்டியில் தெளிவாகப் பதிந்ததை ஸியாதா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவன் திரும்பி வந்து முடிக்க வேண்டிய ரொட்டி இனி இதுதான் என்று அவளே அதை ஆணியில் மாட்டினாள். பட்டியலைக் கிழித்து அடுப்பில் போட்டாள். வேன் சாவியை மாவுப் பானைக்குள், கை முழங்கை வரை போகும் ஆழத்தில் புதைத்தாள்.

காலையில் எழுந்தபோது பக்கத்துப் படுக்கை காலி.

சமையலறைக்கு ஓடினாள். மாவுப் பானையின் மேல்மட்டம் அவள் தட்டிச் சமன் செய்தபடியே இருந்தது. கையை விட்டாள். சாவி தட்டுப்பட்டது.

அப்பாடா என்று மூச்சு விட்டு நிமிர்ந்தாள். எதிரே ஆணியில் ரொட்டி தொங்கியது. முழு ரொட்டி. விளிம்பு நெடுக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

எங்கேயும் கடித்த தடமே இல்லை.

முற்றத்தில் வேனின் இஞ்சின் உறுமிக் கிளம்பியது. கூடவே பொரித்த மீன் வாசனை.

"ஸியாதா!" அவன் குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. "சீக்கிரம் வா. மீன் ஆறிடப் போகுது."