ஜன்னலோர மடி

ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே அந்த மாலை பஸ் பிதுங்கிக்கொண்டுதான் வரும். இத்தனை பேரும் எங்கே ஏறினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கிடைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்த முதல் நாளே தங்கைக்கு அக்கா பாடம் எடுத்துவிட்டாள். தங்கையை அவள் கூப்பிடுவது சுண்டெலி என்றுதான். எந்தக் கூட்டத்திலும் நுழைந்து போய்விடுவாள் என்பதால் வந்த பெயர்.

"பையை உட்கார்ந்திருக்கறவங்க மடியில கொடுத்துடு. முகத்தைப் பார்க்காத, மடியைப் பாரு."

"ஏன்க்கா?"

"முகத்தைப் பார்த்தா சிரிக்கணும். சிரிச்சா பேசணும். அதுக்கெல்லாம் யாருக்குடி தெம்பு இருக்கு?"

"இறங்கறப்ப எப்படி வாங்கறது?"

"பை என்ன நிறம்னு சத்தமா சொல்லு. கைமாறி வந்துடும்."

அக்காவுக்குத் துணிக்கடையில் மரூன் கோட்டு மாட்டிக்கொண்டு பில் போடும் வேலை. அங்கே வேலை செய்கிறவர்கள் உட்காரக்கூடாது. நாற்காலியெல்லாம் துணி வாங்க வருகிறவர்களுக்கு மட்டும்தான். சாயங்காலம் கணுக்கால் இரண்டும் உப்பிக் கிடக்கும். பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் வருவாள். பாதி கட்டி நிறுத்திய பாலத்தடியில் பஸ் மாட்டிக்கொண்டால் வானம் கறுக்கும்வரை நகராது. ஆரம்பத்தில் சுண்டெலி எரிச்சலில் உச்சுக்கொட்டினாள். பிறகு அதுவும் நின்றுபோனது. அக்காவின் பேச்சும் வரவரக் குறைந்தது.

"கால் இருக்கறதே தெரியலடி," என்றாள் ஒரு நாள். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. சுண்டெலிக்கு அதுதான் பயமாக இருந்தது.

பின்பக்கத்து ஜன்னலோர சீட்டில் எப்போதும் ஒரு மடி இருந்தது. மேலே சாம்பல் நிறச் சால்வை. சுண்டெலி பையை நீட்டினால் போதும்.

"கொடு," என்று மெல்லிய குரல் கேட்கும்.

வெயிலில் வெந்த பை திரும்பி வரும்போது சில்லென்றிருக்கும். தண்ணீர் பாட்டில் வியர்த்திருக்கும். உலராமல் மடித்து வைத்த துணியின் வாடை வீசும். ஏசி ஏதாவது கசிகிறதோ என்று நினைத்தாள். அந்த பஸ்ஸில் மின்விசிறிகூடக் கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அக்காவுக்கு விடுமுறையான ஒரு நாள், கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தபோது கண்டக்டரிடம் கேட்டாள்.

"அண்ணே, அந்த ஜன்னலோர அம்மா எங்க இறங்குவாங்க?"

கண்டக்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அங்க யாரும் உட்கார்றதில்லம்மா. காலி சீட்டுனு எல்லாரும் பையை வைக்கிறாங்க."

"இவ்வளவு கூட்டத்துல காலி சீட்டா?"

அவர் விரலால் டிக்கெட் கட்டை நீவிக்கொண்டிருந்தார். "போன வருஷம் ஒரு பொம்பள அங்க தூங்கிட்டு வந்துச்சு. தூக்கம்னுதான் நினைச்சோம். அன்னிக்கு முழுக்க வண்டி போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. ஏறுறவங்க எல்லாம் மடியில பையை வச்சாங்க, இறங்கறப்ப எடுத்துக்கிட்டாங்க. ராத்திரி டெப்போவுல வண்டியக் கழுவ வந்தவன்தான் தொட்டுப் பார்த்தான்."

"அப்புறம்?"

"சீட்டை மாத்தியாச்சு. கண்ணாடியையும் மாத்தியாச்சு. நீ உட்கார்ந்துடாத. உட்கார்ந்தா எழுந்திருக்கத் தோணாதாம்."

அக்காவிடம் சொன்னாள். அக்கா சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. "குடுத்து வச்சவ. உட்கார்ந்துகிட்டே போயிருக்கா," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலை நெரிசலில் இருவரும் பிரிந்துபோனார்கள். அக்கா பின்பக்கம் ஏறினாள். சுண்டெலியைக் கூட்டம் முன்படியில் தள்ளி ஏற்றியது. பாலத்தடியில் பஸ் நின்றபோதுதான் தலைகளுக்கு நடுவே அவள் பார்த்தாள்.

ஜன்னலோர சீட்டில் அக்காவின் மரூன் நிறக் கடைக்கோட்டு.

"அக்கா, எழுந்திரு!"

அக்கா திரும்பவில்லை. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. யாரோ ஒரு பையை அவள் மடியில் வைத்தார்கள். அதன்மேல் இன்னொன்று. பிறகு இன்னொன்று. பைகள் மார்புவரை ஏறின. கழுத்துவரை ஏறின.

"கொஞ்சம் வழி விடுங்க, அது எங்கக்கா."

"எல்லாரும்தான் போகணும்மா," என்றார் ஒருவர், கண்ணைத் திறக்காமலே.

எந்தக் கூட்டத்திலும் நுழைகிறவளால் அன்றைக்கு ஓரடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. எந்த உடம்பும் அசையவில்லை. கைகள் மட்டும் கம்பியில் தொங்கின.

கைகள்.

"நீலப் பை," என்று கத்தினாள். "நான் இறங்கணும், அந்த நீலப் பையைக் கொடுங்க."

நீலப் பை கைமாறிக் கைமாறி வந்தது. யாருடையதோ. காலடியில் போட்டாள்.

"சிவப்புப் பை. பச்சைப் பை. அந்தக் கறுப்பு."

ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே சில்லிட்டிருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. இவளுக்கு எதற்கு இத்தனை பை என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்ணு," என்றாள். "அந்த மரூன் கோட்டு. அதையும் கொடுங்க."

கொடுத்தார்கள்.

தோளைப் பிடித்தும் இடுப்பைப் பிடித்தும், ஒரு மூட்டையைப் போல, தூக்கத்திலிருந்தவர்கள் தூக்கத்திலேயே நகர்த்தினார்கள். சுண்டெலியின் கைக்கு ஒரு கை வந்து சேர்ந்தது. ஐஸ் போல இருந்தது. இறுகப் பற்றிக்கொண்டு படியிலிருந்து குதித்தாள்.

வீடுவரை நடந்தார்கள். நின்றுபோன வண்டிகளின் சிவப்பு விளக்குகள் வழியெல்லாம் எரிந்தன. அவள் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. கையை விடாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. பயம்கூட மரத்துப்போயிருந்தது.

வீட்டில் விளக்கு போடும் முன்பே மரூன் கோட்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விட்டது. தலை கண்ணாடியில் சாய்ந்தது. சுண்டெலி விளக்கைப் போடாமல் எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அம்மா வந்தாள். அவளுக்கு வேறு வேலை, வேறு பஸ். அதே களைத்த முகம். செருப்பைக் கழற்றும்போது இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கொடு."

அம்மா நிமிராமலே கைப்பையை அந்த மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உலராத துணியின் வாடை மெல்லப் பரவியது.

சுண்டெலியின் போன் அடித்தது. திரையில் அக்காவின் பெயர்.

"எங்கடி இறங்கிட்ட?" அக்காவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. "எனக்கு உட்கார இடம் கிடைச்சுதுடி சுண்டெலி. கண்ணை மூடிட்டேன் போல. என் கோட்டை யாரோ எடுத்துட்டாங்க. ரொம்பக் குளிருது."

"அக்கா, எழுந்திரு. இப்பவே இறங்கு."

"எதுக்கு? மடி பூராப் பை இருக்கே," என்றாள் அக்கா நிதானமாக.

"யாருடி போன்ல?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

ஜன்னலோரத்து நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு கை சுண்டெலியின் முகத்துக்கு நேரே நீண்டு, போனுக்காகக் காத்திருந்தது.

"கொடு."

சுண்டெலி நிமிரவில்லை. மடியை மட்டும் பார்த்தாள்.