செவ்வாய்க்கிழமைக் கட்டங்கள்

1984, ஆகஸ்ட் 14. செவ்வாய்க்கிழமை, காலை 6.20.

முள்ளிப்பட்டு சின்னப்பையன் தறியில் கவிழ்ந்து கிடந்தார். கால்கள் தறிக்குழிக்குள், தலை நெய்த சேலையின் மேல். முதலில் பார்த்தவள் மருமகள் சாவித்திரி. அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. உயிர் இருந்தது, நினைவு இல்லை. ஆரணி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள்.

காலை 8.15.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவன் பெரியவரின் ஒரே மகன் முருகேசன், வந்தவாசி லைன் பஸ் கண்டக்டர். தோளில் தோல் பை அப்படியே தொங்கியது.

"எம் பொண்டாட்டிதான் ஏட்டய்யா. நைனாவுக்கு மருந்து வெச்சுட்டா."

ஏட்டு ஜெயவேல் நிமிர்ந்து பார்த்தார். சோற்றில் எதையாவது கலந்து ஒருவர் புத்தியைத் திருப்பிவிட்டதாக ஊரில் வருஷத்துக்கு நாலு புகார் வரும். அதில் ஒன்றுகூட நிரூபணமானதில்லை. ஆனால் நாலு மருமகள்களின் மானம் போயிருக்கும்.

"இன்னா ஆதாரம்?"

"ஆறு மாசமா நைனா அவரா இல்ல. செத்துப்போன எங்கம்மா தனகோடி தறிக்கு எதிர்ல வந்து குந்திகினு இருக்கான்றாரு. பகல்ல தூங்கி வழியறாரு, ராத்திரி பூரா 'தனகோடி, தனகோடி'ன்னு கூப்டுகினே இருக்காரு. செவ்வாக்கெழமைன்னா முத்திப்பூடும். இவ செவ்வாய்க்கு செவ்வாய் அம்மன் கோயில் கூழ் வாங்கியாந்து குடுக்கறா."

"நீ வூட்ல இருக்க மாட்டியா?"

"வாரம் பூரா ட்யூட்டி. திங்கக்கெழமை சாயங்காலம் வந்து மறுநா காலைல கெளம்பிடுவேன். நான் இருக்கற ராத்திரி நைனா கொழந்த மாதிரி தூங்குவாரு. நான் அந்தாண்ட போனாதான் இவ வேலையக் காட்டறா."

ஜெயவேல் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

காலை 9.40.

தெருவில் இரண்டு கட்சி. மருமகள்தான் என்றது ஒன்று. ஆவிதான் என்றது மற்றது. தனகோடி செத்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை என்பதால் ஆவிக் கட்சிக்கு ஆள் அதிகம்.

சாவித்திரி துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கலசப்பாக்கத்திலிருந்து அண்ணன் கூட்டிப்போக வந்துகொண்டிருந்தான். மருந்து வைத்தவள் என்ற பெயரோடு போனால் பிறந்த வீட்டிலும் யாரும் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், ஜெயவேலுக்கும் தெரியும்.

"இன்னிக்கு கூழு குடுத்தியா?"

"விடிஞ்சதும் உழுந்துட்டாரே. நான் இன்னும் கோயிலுக்கே போவல."

தறிக்கு எதிரே ஒரு கிழிந்த கோரைப்பாய் காலியாகக் கிடந்தது. தனகோடி உட்கார்ந்து தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிய இடம். "அதுல மட்டும் குந்தாதன்னு மாமா சொல்லிட்டாரு" என்றாள் சாவித்திரி. அவள் ஓரமாக, வெறுந்தரையில்தான் உட்கார்வாள். ஜெயவேலுக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்த்தது. போலீஸ்காரர் என்பதால் காட்டிக்கொள்ளவில்லை.

நெய்த சேலையை, அது சுருண்டிருந்த படமரத்திலிருந்து பிரித்தார். ஆரணிக் கட்டச் சேலை. சிவப்பில் நாற்பது இழை, மஞ்சளில் நாற்பது இழை என்று மாற்றி மாற்றிப் போடவேண்டும். தறி எண்ணாது, நெய்கிறவர்தான் மனசுக்குள் எண்ணவேண்டும். ஜெயவேலும் தறிக்காரர் பிள்ளைதான். அவர் நெய்த கட்டங்களைப் பார்த்துத்தான் அவர் அப்பா அவரைப் போலீசுக்கு அனுப்பினார்.

"ஓரத்துல இன்னாம்மா செவப்பு முடிச்சு?"

"அன்னன்னிக்கு முடிச்ச எடம். அத்தை கட்டுவாங்க. அவங்களுக்கப்புறம் நான் கட்டறேன். ஜூலை முப்பது, திங்கக்கெழமை ஆரம்பிச்ச சேலை இது."

பதினைந்து முடிச்சுகள். முதல் நாள் கட்டம் அச்சுப் போல இருந்தது. இரண்டாம் நாள் சில கட்டம் நீளம், சில கட்டம் சப்பை. மூன்றாம் நாள் பாதியில் நேராகி, எட்டாம் நாள்வரை அழகு. ஒன்பதாம் நாள் மறுபடி கோணல், பத்தாம் நாள் பாதியில் நேராகிவிட்டது.

கோணல் தொடங்கிய இரண்டு நாளும் செவ்வாய்க்கிழமை.

காலை 11.30.

டாக்டர் அபிதகுசாம்பாள் பெரியவரின் கண்ணிமையை விலக்கிக் காட்டினாள். மஞ்சள். கைகள் குச்சி, பாதங்கள் வீக்கம். மூச்சில் அழுகிய பழ வாடை. லேசாக விழித்தவரின் கைகளை நீட்டிப் பிடிக்கச் சொன்னதும் மணிக்கட்டுகள் சிறகு மாதிரி அடித்துக்கொண்டன.

"குடிப்பாரா?"

"தொட்டதில்லையாம். அஞ்சு வருசத்துக்கு முன்ன காமாலை வந்து போச்சாம்."

"காமாலைதான் போயிருக்கு. கல்லீரல் கெட்டுப்போனது அப்படியே இருக்கு. அது கழிக்கவேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறுது. எல்லாரும் வயசாயிடுச்சு, புத்தி மழுங்கிடுச்சுன்னு விட்டிருக்காங்க."

"வயசுக் கோளாறு கெழமை பாத்து வருமா டாக்டரம்மா?"

"வராது. ஏதோ ஒண்ணு அப்பப்ப அவரைக் கீழ தள்ளுது. அதைக் கண்டுபிடிங்க."

மாலை 4.00.

ஜெயவேல் சேலையைத் தறிவீட்டுத் தரையில் விரித்தார். சாவித்திரி, அவள் அண்ணன், முருகேசன் மூவரும் நின்றார்கள்.

"சாவித்திரி ஏழு நாளும் சோறு போடறா. ஆனா வாரத்துல ஒண்ணரை நாள்தான் கட்டம் கோணுது. கூழுதான் காரணம்னா இன்னிக்கு கூழு குடிக்கறதுக்கு முன்னாடியே பெரியவர் உழுந்துட்டாரு. செவ்வாக்கெழமைய எல்லாரும் பாத்தீங்க. அதுக்கு முந்தின ராத்திரிய யாரும் பாக்கல." அவர் முருகேசன் பக்கம் திரும்பினார். "ஆறு மாசமா ராத்திரில கண்ண மூடாத மனுசன், நீ வர்ற அன்னிக்கு மட்டும் எப்படிப்பா தூங்கனாரு? பையக் குடு."

டிக்கெட் கட்டுகளுக்கு நடுவே ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பாதிக்கு மேல் காலி.

முருகேசன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "தூக்க மாத்திரைதான் ஏட்டய்யா. பால்ல கரைச்சுக் குடுப்பேன். அம்மா பேரச் சொல்லி அவர் கூப்புடறது… கேட்டுகினு படுத்திருக்க முடியல. தூங்கினா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"நேத்து எத்தினி?"

"ரெண்டு. வழக்கமா ஒண்ணுதான்."

"நல்ல ஈரல் ஒரு ராத்திரில அதக் கழிச்சுடும். உங்க நைனாவுக்கு ரெண்டு நாள் ஆவுது. கட்டம் நேராவறதும் அப்பத்தான். மருந்து வெச்சது நீதான் முருகேசா. பாசத்துல வெச்ச."

சாவித்திரி அழவில்லை. மூட்டையைப் பிரித்தபடி புருஷனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எம்மேல கம்ப்ளெய்ண்டு எழுதிக் குடுத்தப்ப அந்தப் பை உன் தோள்லதானே இருந்துச்சு?"

ஜெயவேல் புகாரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 18. செவ்வாய்க்கிழமை, மாலை 5.10.

புதுச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. ஜெயவேல் குனிந்து ஒரு கட்டத்தை எண்ணிப் பார்த்தார். சரியாக நாற்பது.

"புத்தி தெளிஞ்சுடுச்சுன்றாங்க ஏட்டய்யா" என்றார் சின்னப்பையன். "ஈரல் பழையபடி ஆவாதாம். கொஞ்சங்கொஞ்சமா அஞ்சு வேள துன்றேன். தெருமுனை வரிக்கும் நடக்கறேன். எல்லாம் நேராயிடுச்சு."

சாவித்திரி விளக்கேற்ற உள்ளே போகும்வரை பெரியவர் காத்திருந்தார். பிறகு எதிரே கிடந்த பாயைப் பார்த்தார்.

"அவதான் அஞ்சு வாரமா வரல. அந்த மாத்திரை உங்ககிட்டதான் இருக்காமே. ஒண்ணே ஒண்ணு குடுங்களேன். எப்படி இருக்கன்னு கேட்டுட்டு அனுப்பிச்சுடறேன்."

ஜெயவேல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போக நேர்வழி அந்தப் பாயைத் தாண்டித்தான். அவர் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.