வராத கேள்விக்கு ஒரு கொலை

தினகரன் செத்துக் கிடந்தான்.

கம்ப்யூட்டர் முன்னால். கழுத்தில் சார்ஜர் ஒயர்... நாக்கு வெளியே.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடி. ஜவுளி டிசைன் காலேஜ் நுழைவுத் தேர்வுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுக்கிற பிழைப்பு அவனுக்கு. பாடம் நடத்த ஆள் கிடையாது. கேள்வி கேட்க மட்டும் ஏசி ரூம்.

"பூட்டு உடையல. சாவி செத்தவன்கிட்டயும் உன்கிட்டயும்தான் இருக்குது," என்றார் இன்ஸ்பெக்டர் வேலாயுதம். "வண்டியில ஏறும்மா."

காயத்ரி கதவைப் பிடித்துக்கொண்டாள். தினகரனோடு சேர்ந்து கேள்வி எழுதுகிறவள். ஏறினால் இறங்க முடியாது. வேலாயுதத்துக்குக் கேஸ் முடிந்தால் போதும். யார் செய்தால் என்ன?

"சார், அவரு கேள்விய வெளிய வித்துக்கினு இருந்தாரு. காலையிலதான் கண்டுபுடிச்சேன். வாங்குனவன்தான்..."

"வாங்குனவன் ஏம்மா கொல்றான்? கும்புடுவான்."

படியில் செருப்புச் சத்தம். கட்டட முதலாளி மகன் இளவரசன். கீழே இருக்கிற பட்டுக்கடையும் அவர்களுடையதுதான். நெற்றியில் சந்தனம், கழுத்தில் சங்கிலி, மண்டையில் ஒன்றுமில்லை.

"பாவம் சார். நல்ல மனுசன்."

காயத்ரி அவனையே பார்த்தாள். நேற்று அந்தத் தேர்வை எழுதியவன்...

"நல்லவருதான். வித்தாலும் ஏமாத்தல. இருக்கறதுலயே கஷ்டமான கேள்வியா பொறுக்கிக் குடுத்தாரு. அத்தனையும் அசல்."

"அசலா? டூப்புமா. ஒண்ணுகூட வரல."

வேலாயுதம் அவன் பக்கம் திரும்பினார்.

"உனுக்கு எப்புடிபா தெரியும்?" என்றார் வேலாயுதம். "கட்டடம் உங்களுது... இன்னொரு சாவி உங்க வூட்டுல இருக்குமே."

இளவரசன் வாயை மூடினான். காலம் கடந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஏமாத்திட்டான் சார். அதான்..."

"ஏமாத்தலபா," என்றாள் காயத்ரி. "இது மெஷின் பரிட்சை. சரியா போட்டா அடுத்தது கஷ்டமா வரும். தப்பா போட்டா ஈஸியா வரும். ஆரம்பத்துலயே கோட்டை வுட்டவன் கண்ணுல அந்தக் கேள்விங்க படவே படாது."

"மொதல்ல என்னா கேட்டாங்க?" என்று இளவரசனைக் கேட்டார் வேலாயுதம்.

"புடவையில நீளமா ஓடற நூலு... பாவா, ஊடையான்னு."

"நீ என்னா போட்ட?"

"...ஊடை."

நீளத்துக்குப் பாவு, குறுக்கே ஓடுவதுதான் ஊடை. மூன்று தலைமுறையாகப் பட்டு விற்கிற வீடு. ஓரமாய் நின்ற கான்ஸ்டபிள்கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

வேலாயுதம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"நடபா. ஸ்டேஷன்லயும் கேள்விதான். ஆனா எங்க மெஷின் அப்புடியே எதிரு... தப்பா சொன்னாதான் கஷ்டமாவும்."