முதல் வரியில் இருந்த முகவரி

எந்தப் பிழையும் காட்டாமல் அது திறந்துகொண்டதுதான் அவனுக்கு உறுத்தியது.

காலையிலிருந்து அந்த சாஃப்ட்வேர் அவனைப் படாதபாடு படுத்தியிருந்தது. தூங்குகிறவர்களின் மூச்சை அலை அலையாக வரைந்து காட்டும் ஆராய்ச்சிச் சமாச்சாரம் அது; ஆய்வகத்தில் அதைக் கட்டி மேய்ப்பதே அவன் பிழைப்பு. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட, புதியதில் ஏற்றினால் இந்த ஃபோல்டரைக் காணோம், அந்த ஃபைலைக் காணோம் என்று ஒரே ஒப்பாரி. எதைக் கொடுத்தாலும் குறை சொல்லும் சம்பந்தி மாதிரி. கடைசியில் பொறுமை இழந்து, பழைய செட்டிங்குகளை வரி பார்க்காமல் அப்படியே கொட்டிவிட்டான்.

மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மகள் போனதிலிருந்து அவள் வாய்திறந்து கேட்டது இது ஒன்றைத்தான். "குட்டி மூச்சு விடற சத்தத்த ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்ங்க." குட்டிக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. கட்டிலுக்கு மேலே மைக் மாட்டி, இரவெல்லாம் அந்த மூச்சைப் பதிந்து வைத்தவன் அவன்தான். பதிய முடிந்தது, பாவிக்குக் காப்பாற்ற முடியவில்லை.

வெளியே மாலை மழை பிடித்திருந்தது. ஈர மண் வாசனையும் புதுக் கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாடையும் கலந்து கூடத்தில் நிற்க, ஸ்பீக்கரிலிருந்து முதலில் வெறும் இரைச்சலும், பிறகு அதற்குள்ளிருந்து, முடிகிற இடத்தில் சன்னமாக விசிலடிக்கும் அந்த மூச்சும் வந்தன. மனைவியைக் கூப்பிட்டான். அவள் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் காதை வைத்து, "அவதான்" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

அப்போது இடி இடித்தது. ஜன்னலில் ஒன்று, அதே நொடியில் ஸ்பீக்கரில் ஒன்று.

அவன் மேஜையைப் பார்த்தான். பழைய பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க் ஓரமாகக் கிடந்தது. அதை இன்னும் செருகவே இல்லை.

முகவரிகள் இருக்கும் பாத் செட்டிங்கைத் திறந்தான். சாஃப்ட்வேர் முகவரிகளை மேலிருந்து வரிசையாகத் தேடும். முதலில் எது பதில் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். முதல் வரியில் இருந்தது பதிவுகளின் ஃபோல்டர் இல்லை. கட்டிலுக்கு மேலே இன்னும் மாட்டியிருக்கும் வைஃபை மைக். இரவில் அப்பனுக்குப் பழைய கதையா வேண்டும், இப்போது மூச்சு வருகிறதா என்றுதானே தெரிய வேண்டும் என்று குட்டி இருந்தபோது அவனேதான் அதை முதல் வரிக்கு ஏற்றியிருந்தான். மைக்கைக் கழற்ற இருவருக்குமே மனம் வரவில்லை. குட்டி போன நாளிலிருந்து அவள் அறை பூட்டியே கிடந்தது.

மனைவியும் திரையைப் பார்த்துவிட்டாள். எழுந்தாள். சாவி எப்போதும் அவளிடம்தான்.

"போகாத. அது நம்ம குட்டி இல்ல."

"பாவம்ங்க. இத்தன நாளா தனியாக் கெடக்கறா."

கதவு திறந்து மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ஸ்பீக்கரிலும் விழுந்தது. கட்டில் கிறீச்சிட்டது. "அம்மா வந்துட்டேன்டி." திரையில் இரண்டாவது அலை முளைத்தது.

ஓடிப்போய்க் கதவை இடித்தான். இடித்த சத்தம் கூடத்து ஸ்பீக்கரில் கேட்டது. நிறுத்தினான்.

இரண்டு மூச்சு.

ஒன்றில் விசில். மனைவியின் மூச்சில்.

இழுத்தது. திணறியது. தேய்ந்தது. நின்றது.

மற்றது ஓடிக்கொண்டிருந்தது. ஆழமாக, சுகமாக, துளி இழுப்பில்லாமல். அந்தப் பிள்ளை ஒருநாளாவது இப்படி மூச்சு விடாதா என்று அவன் எத்தனை இரவு அழுதிருப்பான்!

தாழ்ப்பாள் விலகியது. கைப்பிடி அசைந்தது, எட்டாத உயரத்தைக் குதிகால் தூக்கி எட்டுகிறவர்கள் திருப்புவது போல, விட்டு விட்டு. இந்தப் பக்கம் அவன் அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதபடி நின்றான். உள்ளேயிருந்து அது இன்னொரு முறை திருப்பிப் பார்த்தது.